இரண்டாம் பாகம்

சட்ட நூலகத்தின் புத்தகப் பெட்டிக்குள் அவனுடைய வலது கை தோள்வரை போயிருந்தது.

பெட்டி சுவரோடு பதித்தது. திருப்பித் தரும் புத்தகங்களை வெளியிலிருந்து அதன் வாயில் போட வேண்டும். போட்டதை எடுக்க வெளியில் வழி கிடையாது. யானை வாயில் போன கரும்புதான். இது அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கையை விட்டான். இப்போது போன கை திரும்பி வரவில்லை.

"என்ன சார் தேடறீங்க?"

நூலக அட்டெண்டர். அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர். தள்ளுவண்டியோடு நின்றார்.

"தேடலைங்க. போட்ட புத்தகத்தைத் திரும்ப எடுக்கறேன்."

"போடுறதுக்குத்தானே சார் பெட்டி?"

"தெரியும்."

"திரும்ப எடுக்கறதுன்னா ஏன் போட்டீங்க?"

அது பெரிய கேள்வி. கை மாட்டிக்கொண்ட நிலையில் பதில் சொல்லக்கூடியது அல்ல.

நூலகத்தில் அவனுக்கு அடிக்குறிப்பு என்று பெயர். ஏழு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறான். தலைப்பு, ஐரோப்பிய ஒப்பந்தச் சட்டங்களில் மௌனம். ஒருவர் ஒன்றைக் கேட்கிறார். மற்றவர் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று கொள்ளலாமா? இங்கிலாந்தில் பொதுவாகக் கூடாது. ஜெர்மனியில் வியாபாரிகளுக்குள் என்றால் சில சமயம் கொள்ளலாம். பிரான்சில் கூடாது, ஆனால் பதில் சொல்லாதவருக்கு முழுக்க முழுக்க நன்மை என்றால் கொள்ளலாம் என்று சில தீர்ப்புகள் உண்டு. இவ்வளவுதான் விஷயம். இதை அவன் நானூறு பக்கமாக எழுதியிருந்தான். அதில் பாதி அடிக்குறிப்பு.

ஊரார் மௌனத்தையெல்லாம் ஆராய்ந்தவன் தன் விஷயத்தில் வாயே திறக்கவில்லை. விஷயம், இந்த நூலகத்தின் நூலகர். மூன்று வருடமாக அவள்மேல் அவனுக்குப் பிரியம்.

அன்று காலைதான் துணிந்தான். ஒரு கடிதம் எழுதி, ஒல்லியான ஒரு பிரெஞ்சுப் புத்தகத்தில் வைத்து, பெட்டியில் போட்டான். திரும்பி வரும் ஒவ்வொரு புத்தகத்தையும் அவள் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பாள். கிழிசல், பென்சில் கோடு, மறந்துபோன சீட்டு, எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. தபாலைவிட நம்பகமான வழி.

போட்டுவிட்டுத் தேநீர் இயந்திரத்துக்குப் போனான். அங்கே துப்புரவு வேலை செய்யும் பெண்கள் இருவர் கோப்பையோடு நின்றிருந்தார்கள்.

"லைப்ரரி அம்மாவுக்கு நிச்சயம் ஆகி எவ்வளவோ நாள் ஆச்சாம். தெரியுமா உனக்கு?"

"அப்படியா? கல்யாணத்தைக் காணோமே."

"அந்த ஆளு ஏதோ வேலையை முடிக்கணுமாம். இதுவும் பொறுமையா காத்துக்கிட்டிருக்கு."

"எந்த ஆளுக்குடி வேலை முடிஞ்சிருக்கு?"

அவன் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான். முன்மொழிவு போய்ச் சேருமுன் அதைத் திரும்பப் பெற்றுவிட்டால் அது செய்யப்படாததற்குச் சமம். இந்த ஒரு விஷயத்தில் அனேகமாக எல்லா நாடுகளும் ஒத்துப்போகும். இரண்டாம் அத்தியாயம், தொண்ணூறாம் பக்கம்.

"அசையாதீங்க சார்," என்றார் அட்டெண்டர். "உள்பக்கச் சாவி அம்மாகிட்டதான் இருக்கு."

"அவங்களைக் கூப்பிட வேண்டாம்."

அவர் போய்விட்டார். சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் சாவி திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு யாரோ அவன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்கள். மணிக்கட்டைப் பிடித்து மெல்லத் திருப்பினார்கள். கை வெளியே வந்தது.

ஏழு வருடத்தில் அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் ஒரு சுவர் இருந்தது.

அவன் உள்ளே போனபோது அவள் பெட்டியிலிருந்த புத்தகங்களைக் கவுண்டரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் புத்தகம் மேலாக இருந்தது.

"சட்டைக் கை கிழிஞ்சிருச்சு பாருங்க," என்றாள். "அண்ணிகிட்ட குடுத்துத் தைச்சுக்குங்க."

அண்ணி என்றது அவனுடைய அக்காவை. அக்கா தையல் கடை வைத்திருந்தாள். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அவள் அக்காதான். நூலகர் மட்டும் அண்ணி என்பாள். ஆளுக்கு ஆள் வழக்கம் மாறும் என்று அவன் அதை விட்டுவிட்டான். ஒப்பாய்வு செய்கிறவர்கள் வேறுபாட்டைக் குறித்துக்கொள்வார்கள். காரணம் கேட்பது வேறு துறை.

"அந்தப் பிரெஞ்சுப் புத்தகம் எனக்கு மறுபடி வேணும்."

"இப்பதானே போட்டீங்க?"

"ஒரு பக்கம் பார்க்கணும்."

"முடியாதே. உங்க பேராசிரியை ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்காங்க. அடுத்தது அவங்களுக்குத்தான்." சொல்லிக்கொண்டே புரட்டுவதற்காக அட்டையைத் திறந்தாள்.

"புரட்ட வேண்டாம்."

அவள் நிமிர்ந்தாள்.

"நானே பார்த்துட்டேன். கிழிசல் இல்லை. கோடு இல்லை. உங்க நேரம் எதுக்கு வீணா?"

"சரி. உங்களை நம்பாம யாரை நம்பறது?" புத்தகத்தை மூடி அட்டெண்டரிடம் கொடுத்தாள். "இதை இப்பவே மூணாவது மாடிக்குக் கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

சும்மா இருந்திருந்தால் கடிதம் ஒருத்தி கையோடு நின்றிருக்கும்.

"எப்ப முடியும்?" என்று கேட்டாள் அவள். வாரம் ஒருமுறையாவது கேட்பாள். ஆய்வைப் பற்றித்தான்.

"சீக்கிரம்," என்றான். வாரம் ஒருமுறையாவது சொல்வான்.

அட்டெண்டர் மின்தூக்கியில் போனார். அவன் படியில் ஓடினான். மின்தூக்கி அன்று பழுதாகாமல் இருந்தது.

பேராசிரியை பிரெஞ்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மாணவர்கள் எழுதிக் கொடுப்பதைச் சிவப்புப் பென்சில் இல்லாமல் அவர் படித்ததில்லை. வீட்டுக்கு வரும் கல்யாணப் பத்திரிகையையும் திருத்துவார் என்று பேச்சு.

"ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"அந்தப் புத்தகத்துல ஒரு பக்கம் பார்க்கணும் மேடம். அரை நிமிஷம்."

"ஏழு வருஷத்துல நீ ஒரு புத்தகத்துக்காக ஓடி வந்து நான் பார்த்ததில்லையே. ஐந்தாம் அத்தியாயம் எழுதறியா?"

ஐந்தாம் அத்தியாயத்தில் தலைப்பு மட்டும்தான் இருந்தது.

"ஆமா மேடம்."

"எந்தப் பக்கம்?" என்று அவரே புத்தகத்தைத் திறந்தார். கடிதம் மேசைமேல் விழுந்தது.

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கடிதத்தில் பெயர் இல்லை. யாருக்கு என்று இல்லை. யார் எழுதியது என்றும் இல்லை. இருந்தது இவ்வளவுதான்:

'ஏழு வருடமாக உங்களிடம் புத்தகங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று வேறொன்று கேட்கிறேன். மீதி நாட்களை நாம் சேர்ந்து கழிக்கலாமா? யோசித்துச் சொல்லுங்கள். அவசரமில்லை.'

அவசரமில்லை என்பதன் தலையில் ஒரு சிறிய எண் இருந்தது. கீழே அடிக்குறிப்பு: 'மரியாதைக்காக எழுதியது.'

"இது அத்தியாயத்துக்கு உதாரணமா?" என்று கேட்டார் பேராசிரியை.

அவன் பதில் சொல்லவில்லை. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

"பரவாயில்லையே. எல்லாரும் கோதுமை மூட்டை, குதிரைன்னே உதாரணம் எழுதுவாங்க. நீ மனுஷங்களைப் பிடிச்சிருக்கே." சிவப்புப் பென்சில் இறங்கியது. "ஆனா முன்மொழிவா இது நிக்காது. சேர்ந்து கழிக்கலாமான்னா எங்கே, எந்தத் தேதியிலேர்ந்து? பதிலுக்குக் கால வரம்பு எங்கே? இப்படிக் கேட்டா யாருப்பா பதில் சொல்லுவா?"

"யாரும் சொல்ல மாட்டாங்க மேடம்."

"அடிக்குறிப்பு மட்டும் நல்லா இருக்கு. அதுல கை வைக்காதே. இந்த உதாரணத்தை மூணு நாட்டுச் சட்டத்துலயும் ஓட்டிப் பாரு. அதுதான் உன் அத்தியாயம். திங்கட்கிழமை நூலகத்துல குடுத்துடு."

அந்தக் கல்லூரியில் ஒரு நடைமுறை உண்டு. எந்த அத்தியாயமும் தேர்வாளர்களுக்குப் போகுமுன் நூலகத்துக்குப் போக வேண்டும். அங்கே ஒவ்வொரு மேற்கோளையும் மூலப் புத்தகத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பார்கள். சட்டத் துறைக்குச் சரிபார்ப்பது நூலகர்.

"உதாரணம் இல்லாமக் குடுக்கலாமா மேடம்?"

"உதாரணம்தான்பா அத்தியாயமே."

கடிதத்தைத் திரும்ப வாங்கிவிட்டான். இனி அதைத் தட்டச்சு செய்து, பக்க எண் போட்டு, அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். கிணறு வெட்டினால் பூதம் வரும் என்பார்கள். இவன் பூதத்துக்கு ரசீதும் வாங்கியிருந்தான்.

சனியும் ஞாயிறும் அக்காவின் கடையில் உட்கார்ந்து எழுதினான். கடைக்குப் பின்னறைதான் அவன் இருப்பிடம். எழுத இடம் வேண்டுமென்றால் துணி வெட்டும் மேசையில் ஒரு மூலை கிடைக்கும்.

மேசையின் மறு மூலையில், வெட்டப் போகும் துணி நகராதபடி, ஒரு தடித்த ஜெர்மன் புத்தகம் உட்கார்ந்திருந்தது. ஒப்பந்தச் சட்ட விளக்கவுரை, இரண்டாம் பாகம். ஆயிரத்து நூறு பக்கம்.

"அதை எடுக்கலாமா அக்கா?"

"எடுத்தா கோட்டுத் துணி கோணிக்கும். இருக்கட்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதும்பாங்க. இது துணிக்காவது உதவுதே."

அவன் வற்புறுத்தவில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்தால் அவனுக்கு எப்போதும் ஒரு கூச்சம். விளக்கவுரையின் முதல் பாகத்தை அவன் படித்தான். மூன்றாம் பாகத்தைப் புரட்டினான். இரண்டாம் பாகத்தை மேற்கோள் காட்டினான். மற்றவர்கள் அதிலிருந்து எடுத்ததை அவர்களிடமிருந்து எடுத்தான். அறுபத்தோரு இடங்களில்.

மூன்று வருடத்துக்கு முன் அதை நூலகர்தான் அடுக்கிலிருந்து வரவழைத்துக் கொடுத்தாள். "திறந்து பாருங்க, என்ன?" என்று சொல்லிக் கொடுத்தாள். அடுத்த வாரமே கேட்டாள்.

"படிச்சீங்களா?"

திறக்கவேயில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? "படிச்சேன்," என்றான்.

"மறுப்பு ஏதாவது இருக்கா?"

"மறுப்பா? முழு உடன்பாடு."

அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பக்கத்தில் நின்ற அட்டெண்டர்கூடச் சிரித்தார். ஒரு சட்ட விளக்கவுரைக்காக இவ்வளவு மகிழ்கிற பெண்ணும் உலகத்தில் உண்டா என்று அவன் அசந்துபோனான். பிரியம் தொடங்கியது அன்றுதான். அதன்பின் அந்தப் புத்தகத்தை அவள் கேட்கவே இல்லை. அவன் கேட்காமலேயே புதுப்பித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "மீதி நாட்களைச் சேர்ந்து கழிக்கலாமா. யாருக்குடா இது?"

"சட்டத்துக்கு."

"சட்டம் என்ன பதில் சொல்லுச்சு?"

"நாட்டுக்கு நாடு மாறும்."

"ஒழுங்கா ஒரு பொண்ணுகிட்ட கேளு. அவ ஒரு பதிலைச் சொல்லிட்டுப் போறா."

அவன் எழுதினான். ஏழு வருடத்தில் முதல் முறையாக வாக்கியங்கள் தாமாக வந்தன. கேட்டவனுக்குப் பதில் வராத நாட்களைப் பற்றி எழுதும்போது அவனுக்குப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. நாற்பது பக்கத்தில் மூன்றே அடிக்குறிப்பு.

திங்கட்கிழமை அவள் கவுண்டரில் உட்கார்ந்து படித்தாள். அவன் எதிரே நின்றான். நான்காம் பக்கத்தில் பென்சில் நின்றது. அவள் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தாள். காதோரம் சிவந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்தாள். அடங்கவில்லை.

"இதை இங்க எழுதலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. வெறும் உதாரணம். கற்பனை."

"கற்பனையா?"

"முழுக்கக் கற்பனை. நிஜத்துல அப்படி யாரும் இல்லை."

பென்சிலைக் கீழே வைத்தாள். "யாரும் இல்லை."

"இல்லைங்க. உங்களுக்கு நிச்சயம் ஆன விஷயம் எனக்குத் தெரியும்."

"தெரியும். தெரிஞ்சும் கற்பனைங்கறீங்க."

"தெரிஞ்சதாலதான் சொல்றேன். அதுதானே நியாயம்?" பெருந்தன்மையாகப் பேசிவிட்டோம் என்று ஒரு திருப்தி இருந்தது. "உங்க மனசுக்கு எல்லாம் நல்லபடியா நடக்கட்டும்."

அவள் தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினாள். ஒழுங்காக இருந்தவற்றை மறுபடியும் அடுக்கினாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இரண்டாம் பாகத்தைக் கொண்டு வாங்க."

"மேற்கோள் சரிபார்க்கவா?"

"இல்லை. திருப்பிக் குடுக்க."

"இன்னொரு தடவை புதுப்பிச்சா..."

"புதுப்பிச்சது போதும். இன்னிக்கே வேணும்."

உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவு சாத்தி அவன் பார்த்ததில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று அவனுக்குப் புரியவில்லை. தெருவில் நடந்தபடி யோசித்தான். நிச்சயமான பெண்ணுக்கு அப்படி ஒரு கடிதத்தைப் படிக்கக் கொடுத்தால் கோபம் வராதா? வரும். அது கற்பனை என்றால்கூடவா? அதற்கு மேல் ஆய்வு ஓடவில்லை.

அக்கா புத்தகத்தை உருவ விடவில்லை. "பாதி வெட்டிட்டேன்டா. கை எடுத்தா கோட்டு கோவிந்தா."

"அவங்க கோபமா கேட்டாங்க அக்கா."

"எந்த அவங்க?"

"நூலகத்துல."

அக்கா கத்தரியை நிறுத்தினாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சலவைப் பெட்டியைத் தூக்கித் துணிமேல் வைத்துவிட்டு, புத்தகத்தைத் துடைத்து அவன் கையில் கொடுத்தாள்.

"நல்ல பொண்ணுடா அது," என்றாள். "நல்ல கனமும்கூட, இந்தப் புத்தகம்."

அவன் நூலகத்துக்குத் திரும்பியபோது கவுண்டரில் அட்டெண்டர் மட்டும் இருந்தார். உள்ளறைக் கதவு சாத்தியே இருந்தது.

"அவங்க?"

"உள்ள உக்காந்து மாற்றல் கேட்டு லெட்டர் எழுதறாங்க. எங்கேயோ தொலைவுல இருக்கிற கிளைக்கு. பெரிய பதவின்னு ரெண்டு தடவை கூப்பிட்டும் போக மாட்டேன்னு சொன்ன இடம் சார் அது. இன்னிக்கு என்ன வந்துச்சோ." புத்தகத்தை வாங்கினார். "குடுங்க. அம்மா புரட்டற மாதிரி எனக்குப் பொறுமை கிடையாது."

புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒரு உதறு உதறினார்.

பதினோராம் பக்கத்திலிருந்து ஒரு உறை நழுவி விழுந்தது. பத்துப் பக்கம் புரட்டியிருந்தால் கண்ணில் பட்டிருக்கும். மூன்று வருடம் துணிகளை அமுக்கிய கனத்தில், தேய்த்து வைத்த சட்டைபோல மடிப்புக் கலையாமல் இருந்தது. மேலே அவன் பெயர். புத்தகச் சீட்டுகளில் ஏழு வருடமாக அவன் பார்த்துவந்த கையெழுத்து.

பிரித்தான். மூன்று வருடத்துக்கு முந்திய தேதி.

'உங்கள் மூன்றாம் அத்தியாயத்தைச் சரிபார்த்தேன். மௌனத்தைப் பற்றி இவ்வளவு எழுதுகிறவர் வாயைத் திறந்து கேட்பார் என்று தோன்றவில்லை. அதனால் நானே கேட்கிறேன். என்னைக் கல்யாணம் செய்துகொள்வீர்களா? சம்மதம் என்றால் ஒரு வார்த்தை போதும். அதன்பின் படிப்பு முடியும்வரை நமக்குள் இந்தப் பேச்சே வேண்டாம். உங்கள் கவனம் கலையக் கூடாது. நான் காத்திருப்பேன்.'

ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை அவன் சொல்லவில்லை. இடையில் வேறு யாரோ வந்து சொல்லிவிட்டார்கள். சொல்லத் தெரிந்தவன். புத்தகத்தைத் திறந்து படிக்கிறவன்.

கடிதத்தை மடித்தான். மடிப்பு அதன் பழைய இடத்தில் தானாக உட்கார்ந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு கேக்கலாமாங்க?"

"கேளுங்க சார்."

"அம்மாவுக்கு நிச்சயம் ஆகியிருக்கே. மாப்பிள்ளை யாரு? நல்லவரா?"

அட்டெண்டர் கதவைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"என்ன சார் கேள்வி இது? படிச்சேன், முழு உடன்பாடுன்னு இதே கவுண்டர்ல நின்னு சொன்னது நீங்கதானே?"